நீங்கள் பாஸாகியிருக்கக் கூடாத பரீட்சை

அப்பா,

இன்று காலை முதல் தடவையாகச் சவரம் செய்தேன். எனக்கு மீசை வந்துவிட்டது என்று தெருவுக்கே நான் அறிவித்துக்கொண்டிருந்தாலும் அது பெரும்பாலும் வதந்திதான். இருந்தாலும் தாடையில் நாலைந்து முடி நீட்டிக்கொண்டு நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் கிடந்த உங்கள் டியூபை உருட்டிப் பிதுக்கினேன். கடைசிச் சொட்டுக் களிம்பு வந்தது. நுரை வாசனை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கொடுக்கிற மருத்துவ முகாமுக்கு உங்களைக் கூட்டிப்போன அந்த வெள்ளிக்கிழமைதான் கண்ணுக்குள் வந்தது. அன்று இதே களிம்பைக் குழைத்து உங்களுக்குச் சவரம் செய்துவிட்டது நான். ஒரு முடி விடாமல், கன்னம் பளபளக்க. அன்று நான் செய்த தப்புகளில் அதுதான் ரொம்பச் சின்னது.

நீங்கள் மாட்டுத்தாவணியிலிருந்து ஒத்தக்கடை, திருமோகூர் வழியாகத் திருவாதவூர் போகும் தனியார் பஸ்ஸில் இருபது வருஷத்துக்கு மேல் கண்டக்டர். "கண்டக்டர் மகன் கண்டதையும் பேசுறான்" என்று என் டீச்சர், அம்மாவிடம் புகார் சொன்னபோது, "டிக்கெட் எடுத்துட்டுப் பேசுறானா, எடுக்காமப் பேசுறானான்னு கேட்டியா?" என்று சிரித்த ஆள். வாயை உங்களிடமிருந்துதான் வாங்கினேன். மிச்சச் சில்லறை கேட்கவில்லை.

முதலில் அந்தச் சில்லறையில்தான் கோளாறு தொடங்கியது. ஒரே ஆளுக்கு இரண்டு தடவை பாக்கி கொடுத்தீர்கள். வாங்கியவர்கள் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு நாள் திருமோகூரில் ஒரு கிழவிக்கு மூட்டை இறக்கிக் கொடுக்க இறங்கியவர், எந்த பஸ்ஸில் வந்தோம் என்று தெரியாமல் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டீர்கள். பஸ் விசில் இல்லாமலே போய்விட்டது. முதலாளி வீட்டுக்கு வந்து, "அண்ணே, கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட்டு எடுங்க" என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு மறதி நோய் என்றார்கள். கூடுமே தவிரக் குறையாது என்றார்கள். உங்களுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. "ஐம்பத்து மூணுல மறதியா? வாங்குன கடனை மறக்குறதுக்கு நல்ல வழி" என்று தெருவில் ஒருவர் ஜோக் அடித்தார். ஜோக் என் தொழில். அவரிடம் அது நன்றாகவே வரவில்லை.

அம்மா ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். ஒன்பதரைக்குப் போனால் திரும்ப ராத்திரி ஆகிவிடும். எனக்குப் பத்தாம் வகுப்பு. நடுவில் உங்களை யார் பார்ப்பது? இரண்டு தடவை நீங்கள் "டூட்டிக்குப் போறேன்" என்று கிளம்பி, நம் ஆனையூர் மெயின் ரோட்டின் நடுவில் நின்று லாரிக்குக் கை காட்டியதைப் பார்த்துத் தெருக்காரர்கள் கூட்டிவந்தார்கள். அதன்பிறகு அம்மா ஒரு பூட்டு வாங்கினாள். காலையில் சோற்றை மூடி வைத்துவிட்டு, உங்களை உள்ளே விட்டு, வெளியே பூட்டிவிட்டுப் போவோம். சாயங்காலம் நான் வந்து திறக்க வேண்டும். சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே உங்கள் சத்தம் கேட்கும். "கதவத் தொறங்கய்யா, வண்டிக்கு நேரமாச்சு, பாசஞ்சர் காத்துக்கெடக்காக!"

சான்றிதழ் கிடைத்து அதில் அரசாங்கம் கேட்கிற அளவு பாதிப்புச் சதவீதம் இருந்தால் மாதாமாதம் பராமரிப்பு உதவித்தொகை வரும். அதோடு வீட்டில் ஜாக்கெட் தைத்தால் கடை வேலையை விட்டுவிடலாம் என்பது அம்மாவின் திட்டம். "அந்தப் பணம் மட்டும் வரட்டும்டா, இந்தப் பூட்ட ஆனையூர் கம்மாயில வீசிருவேன்" என்பாள்.

பணம் வருவதற்கு முன்னால் காகிதம் வர வேண்டும். ஆதாரில் உங்கள் இனிஷியல் ஒன்று, ரேஷன் கார்டில் வேறொன்று. டிக்கெட் கிழித்துக் கிழித்துக் கட்டைவிரல் தேய்ந்துபோயிருந்ததால் அலுவலகத்து மெஷினில் ரேகை விழவில்லை. இரண்டாம் தடவை போனால் சர்வர் இல்லை, மூன்றாம் தடவை போனால் சார் இல்லை. "விண்ணப்பம் கொடுத்தோம், விண்ணுக்கே போயிருச்சு" என்று நான் சொன்னதற்கு அந்த அலுவலகத்துப் பியூன் மட்டும் சிரித்தார். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

இந்தச் சமயத்தில்தான் அந்தக் குறும்பைச் செய்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் காக்கிச் சட்டையை நான் மாட்டிக்கொண்டு, குரலைக் கனமாக்கி, "செக்கிங்! எல்லாரும் டிக்கெட்ட எடுங்க" என்று அறைக்குள் நுழைந்தேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் எழுந்து நின்று பாக்கெட்டைத் தடவினீர்கள். இடுப்பைத் தடவினீர்கள். தலையணையைத் தூக்கிப் பார்த்தீர்கள். "சார், பைய எங்கயோ வச்சிட்டேன் சார். புள்ளகுட்டிக்காரன் சார், எழுதிராதீக சார்." என் காலைத் தொடக் குனிந்துவிட்டீர்கள். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, "அப்பா நான்தாம்ப்பா, நான்தாம்ப்பா" என்று கத்தினேன். நீங்கள் நம்பவில்லை.

அதற்குப் பிராயச்சித்தம் போலத்தான் அந்த விளையாட்டை ஆரம்பித்தேன். பெட்டியில் உங்கள் பழைய டிக்கெட் புத்தகங்கள் கிடந்தன. தினமும் சாயங்காலம் நான் கேள்வி கேட்பேன், நீங்கள் சரியாகச் சொன்னால் ஒரு டிக்கெட் கிழித்துத் தருவேன். இன்று என்ன கிழமை, நாம் எந்த ஊரில் இருக்கிறோம், இது என்ன மாசம், நூறிலிருந்து ஏழு போனால் எவ்வளவு. கிழமைதான் உங்களுக்கு நிற்கவில்லை. அதனால் உங்கள் பாசஞ்சர்களை வைத்தே சொல்லிக்கொடுத்தேன். திங்கட்கிழமை என்றால் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு ஏறுகிற கூட்டம், கையை விரித்துக் காகிதம் பிடிப்பேன். செவ்வாய் என்றால் திருப்பரங்குன்றம் போகிறவர்கள், நெற்றியில் விபூதிப் பட்டை. புதன் என்றால் சந்தைக்காரிகள், தலையில் கூடை பிடிப்பது போலக் கை. வெள்ளி என்றால் பூ வைத்த பெண்கள், காதோரம் விரல். என் சாடையைப் பார்த்ததும் உங்கள் முகம் மலரும். "வெள்ளிக்கிழம!" என்று நீங்கள் கத்த, நான் டிக்கெட் கிழிப்பேன். நோயை நான் ஜெயித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன் அப்பா. அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள்.

முகாமுக்குத் தேதி வந்தது. வெள்ளிக்கிழமை. பெரிய மனிதர்கள் இருக்கிற இடத்துக்குப் போகும்போது எப்படிப் போக வேண்டும் என்று நம் வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா உங்களுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினாள். தெருமுனைக் கடையில் கொடுத்து வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வாங்கிவந்தாள். நான் சவரம் செய்து பவுடர் போட்டேன். மாப்பிள்ளை மாதிரி இருந்தீர்கள். "ஆபீசருக முன்னாடி மரியாதையா இருக்கணும், என்ன?" என்றாள் அம்மா. "எனக்கே சொல்லித்தாரியா? எத்தன ஆபீசரப் பாத்திருப்பேன்" என்றீர்கள்.

அங்கே பெஞ்சு முழுக்க ஆட்கள். பெயர் கூப்பிடுகிறவர் டோக்கனைப் பார்த்துவிட்டு உங்களை மேலும் கீழும் பார்த்தார். "யாருக்கு சர்டிபிகேட்? அம்மாவுக்கா?"

உள்ளே இருந்த டாக்டர் தலையைத் தூக்கவில்லை. நீங்கள் உட்காரும் முன்னே கும்பிட்டு, "வணக்கம் சார், சாப்ட்டீங்களா?" என்றீர்கள். அவர் தலையைத் தூக்கினார். எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்றார். சொன்னீர்கள். என்ன மாதம் என்றார். சொன்னீர்கள். நூறில் ஏழு போனால் என்றார். "தொண்ணூத்து மூணு. பாக்கி வேணுமா, டிக்கெட்டோட பின்னாடி எழுதவா?" என்றீர்கள். டாக்டரே சிரித்துவிட்டார். இன்று என்ன கிழமை என்றபோதுதான் நின்றீர்கள். மெதுவாகத் திரும்பி, பின்னால் நின்ற என்னைப் பார்த்தீர்கள்.

நான் காதோரம் விரலை வைத்தேன்.

"வெள்ளிக்கிழம சார்!"

அந்த நொடியில் எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, பள்ளிக்கூட மேடையில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை. அம்மா நீட்டிய ஆஸ்பத்திரிச் சீட்டில் மேலோட்டமாகக் கண்ணை ஓட்டிவிட்டு, டாக்டர் எழுதிக்கொண்டே, "நல்லாத்தானம்மா இருக்காரு. வயசுக்குண்டான மறதிதான். இதுக்கெல்லாம் பர்சன்டேஜ் போட முடியாது" என்றார். அம்மா, "சார், லாரிக்குக் கை காட்டுறாரு சார், பூட்டி வச்சிட்டு வேலைக்குப் போறேன் சார்" என்றாள். "பூட்டுறது தப்பும்மா" என்றார் டாக்டர். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் விரல் இன்னும் காதோரமே இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது நீங்கள்தான் பேசிக்கொண்டே வந்தீர்கள். என் தோளைத் தட்டி, "என்னா மாப்ள, நான் பாஸா?" என்றீர்கள். உங்கள் டிரைவரைத்தான் மாப்ள என்பீர்கள். அப்போதெல்லாம் என்னையும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்திருந்தீர்கள். "பாஸுப்பா" என்றேன். "பாஸுன்னா ஸ்வீட்டு எங்க?" என்றீர்கள். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் பூட்டைப் பூட்டும்போது சாவி உள்ளே போகாமல் இரண்டு தடவை தடுமாறினாள். ஏழு மாதம் அப்படியே போனது. உங்கள் நினைவு வேகமாக இறங்கிக்கொண்டே வந்தது. டிக்கெட் விளையாட்டை நான் மறுபடி தொடவில்லை. நீங்கள் என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நான் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். ஒரு நாள் சாயங்காலம் சைக்கிள் திரும்பியபோது சத்தமே கேட்கவில்லை. பயந்துபோய்க் கதவைத் திறந்தேன். கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். வலது உள்ளங்கை வீங்கி நீலமாக இருந்தது. தொண்டை கட்டிக் குரல் வரவில்லை. உதடு மட்டும் "ரைட், ரைட்" என்று அசைந்தது. நாள் முழுக்கத் தட்டியிருக்கிறீர்கள்.

அன்று அம்மாவிடம், "நான் பள்ளிக்கூடம் போகல. நான் பாத்துக்கிறேன்" என்றேன். பரீட்சையிலிருந்து தப்பிக்கிற என் வழக்கமான தந்திரம் என்று அவள் நினைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் உங்கள் உள்ளங்கைக்கு எண்ணெய் தடவினாள். "இன்னும் ஒரு வாட்டி மனுக் குடுப்போம். அதுலயும் இல்லைன்னா நின்னுக்க" என்றாள்.

மறு பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தோம். அந்த வரிசையில் நடக்க முடியாத மகளை இடுப்பில் தூக்கி வைத்திருந்த ஒரு அக்கா எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, அம்மாவின் காதில் சொன்னாள்: "இஸ்திரிச் சட்டையா போட்டுக் கூட்டிப் போனீங்க? நல்ல ஆளுதான்க்கா நீங்க. அழுக்குச் சட்டையப் போடுங்க. தல சீவாதீங்க. அப்பத்தான் எழுதுவாய்ங்க."

"அவர நான் பிச்சக்காரன் மாதிரி கூட்டிட்டுப் போகமாட்டேன்" என்றாள் அம்மா. வீட்டுக்கு வந்தும் அதையே சொன்னாள். ஆனால் போகிற அன்று காலை இஸ்திரிச் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்தாள், பார்த்தாள், திரும்பப் போட்டாள். "வீட்டுல எப்படி இருப்பாரோ அப்படியே வரட்டும். கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்." என்னைப் பார்த்து, "நீ ஒண்ணும் செய்யாத. அது போதும்" என்றாள். பெஞ்சில் காத்திருந்தபோது உங்கள் வாயோரத்தை மட்டும் முந்தானையால் துடைத்துவிட்டாள். அதை அவளால் நிறுத்த முடியவில்லை.

இந்தத் தடவை வேறு டாக்டர், ஒரு பெண்மணி. முதல் கேள்வியிலேயே நீங்கள் கழுத்தைத் திருப்பி என்னைத் தேடினீர்கள். டாக்டர் அதைக் கவனித்துவிட்டார். "தம்பி, பின்னாடி நிக்காத. இங்க என் பக்கத்துல, அவருக்கு எதிர்ல உக்காரு. வாயத் திறக்கக் கூடாது. தலையக்கூட ஆட்டக்கூடாது. சரியா?"

எனக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு மேஜை. என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த மொத்த நேரத்தையும் கூட்டினாலும் அந்தக் கால் மணி நேரத்துக்கு ஈடாகாது.

"இன்னைக்கு என்ன கிழமைங்க?"

புதன்கிழமை. கையைத் தூக்கித் தலையில் வைத்தால் போதும். நீங்கள் என் கையையே பார்த்தீர்கள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அது எங்கே போயிற்று என்று நீங்கள் மேஜைக்கு அடியில் குனிந்து தேடினீர்கள்.

"இது எந்த ஊரு?"

"வண்டி... வண்டி நிக்குற ஊருதான்."

"இவங்க யாரு?" அம்மாவைக் காட்டினார்.

"வீட்டுல இருக்காக. நல்லவுக."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் பேனாவை என் பக்கம் நீட்டினார். "இந்தத் தம்பி யாரு?"

உங்களுக்குச் சிரிப்பு வந்தது. "நம்ம பையந்தான்." கண்டக்டர்கள் எல்லாரையும் அப்படித்தான் சொல்வார்கள். டாக்டர் விடவில்லை. "நம்ம பையன்னா? உங்களுக்கு என்ன வேணும்? பேரு சொல்லுங்க."

சிரிப்பு போய்விட்டது. என் முகத்தில் எழுதியிருக்கும் என்பது போலப் பார்த்தீர்கள். நெற்றியில், மூக்கில், உதட்டில் தேடினீர்கள். உங்கள் உதடு ஒரு எழுத்துக்காகக் குவிந்தது, கலைந்தது. பிறகு மேஜை மேல் சாய்ந்து, டாக்டருக்குக் கேட்கக் கூடாது என்பது போலக் கையை வாயருகே வைத்து, என்னிடம் கேட்டீர்கள்:

"எனக்குத் தெரியல தம்பி. நீயே சொல்லிரேன்."

நான் சொல்லவில்லை அப்பா. அந்தச் செக்கிங் ஞாயிற்றுக்கிழமையை விட்டால், உங்கள் வாழ்நாளில் என்னிடம் எதையும் நீங்கள் கெஞ்சிக் கேட்டதில்லை. கேட்ட ஒன்று என் பேர். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் பின்னால் சாய்ந்தீர்கள். கோபமில்லை. பஸ் நிற்காமல் போனதும் நிறுத்தத்தில் நிற்பவர்கள் முகம் ஒரு மாதிரி ஆகுமே, அப்படி ஆனது. டாக்டர் நிறைய நேரம் எழுதினார். பிறகு, "எழுதிட்டேம்மா. வந்துரும்" என்றார். எங்களை வெளியே அனுப்பும்போது என் தலையில் கையை வைத்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

வெளியே வந்ததும் வராண்டாத் தூணுக்குப் பக்கத்தில் உங்களை நிறுத்தி, காதோடு வாய் வைத்து என் பேரைச் சொன்னேன். கேள்வி நேரம் முடிந்த பிறகு விடை சொல்கிற மக்குப் பையனைப் போல.

"நல்ல பேரா இருக்கே" என்றீர்கள். "யாரு வச்சா?"

"நீங்கதாம்ப்பா."

"நானா!" உங்களுக்கு அம்புட்டுச் சந்தோஷம். வெளி வாசலுக்குப் போவதற்குள் திரும்பக் கேட்டீர்கள், "ஒம் பேரென்னா தம்பி?" சொன்னேன். "நல்ல பேரு. யாரு வச்சா?" "நீங்க." "பரவாயில்லையே, எனக்கு அறிவிருக்குல்ல" என்றீர்கள். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

இரண்டு மாதத்தில் பணம் வர ஆரம்பித்தது. அம்மா கடை வேலையை விட்டாள். பூட்டைக் கம்மாயில் வீசவில்லை, எடைக்குப் போட்டுவிட்டாள், அவள் அப்படித்தான். கதவு திறந்தே கிடந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உங்களை உட்கார வைத்து, தையல் மெஷினை வாசல் நிலைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தெருவில் போகிறவர்களிடம் "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று நீங்கள் சொல்ல, பழக்கமானவர்கள் "சரிண்ணே" என்று ஒரு அடி நகர்ந்து போவார்கள். ஒன்பது மாதம் அப்படி இருந்தீர்கள். பிறகு சளி நெஞ்சில் கட்டி, ஆஸ்பத்திரியில் நாலே நாளில் போய்விட்டீர்கள். உங்கள் கை விரிந்தேதான் கிடந்தது, வீக்கம் எப்போதோ வற்றிப்போயிருந்தது.

நான் பள்ளிக்கூடத்தை விடவில்லை. பிளஸ் டூ. வாய் அப்படியேதான் இருக்கிறது. வகுப்பில் எவனாவது விடை தெரியாமல் முழித்தால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை, சத்தமாகவே சொல்லிவிடுகிறேன். "உன்னையவா கேட்டேன்?" என்று பெஞ்சு மேல் ஏற்றுகிறார்கள். ஏறி நிற்கிறேன். மேலே நின்றால் காற்று நன்றாக வருகிறது.

ஆனால் தினமும் காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது ஒரு சங்கடம். சார் என் பேரை வாசிக்கிறார். உடனே எனக்குப் பதில் வருவதில்லை. ஒரு நொடி பிந்துகிறது. வேண்டுமென்றே வம்பு செய்கிறேன் என்று அவர் நினைக்கிறார். நேற்றும், "என்னடா, உன் பேரு உனக்கே மறந்துபோச்சா?" என்றார். வகுப்பே சிரித்தது. எதிர்ப் பேச்சு எனக்கு எப்போதும் நாக்கு நுனியில் இருக்கும். நேற்று எழுந்து நேராக நின்றேன்.

"இல்ல சார்" என்றேன். "எங்கப்பா வச்ச பேரு."